உமி என்று தள்ளிய குரல்

இந்தக் காலத்துச் சனங்களுக்குக் காது இருப்பது கம்மல் போடவும் கருவி மாட்டவும்தான் என்று கொம்பையா உறுதியாக நம்பினார். எதிரே ஒருத்தன் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருப்பான். கேட்கிறவன் காதில் செருகிய மொச்சை அளவுச் சாமான், அந்தப் பேச்சில் எது வேணும் எது வேண்டாம் என்று பிரித்து, வேண்டியதை மட்டும் உள்ளே விடும். பஸ்ஸில் பக்கத்தில் நின்று, "தம்பி, என் காலை மிதிக்கே" என்று சொன்னால்கூட அது வெளிச்சத்தம் என்று கழிந்துபோகும். காலை எடுக்க மாட்டான். தோளைத் தட்டினாலோ, மடியில் கைவிட்ட திருடனைப் பார்ப்பதுபோல் முறைப்பான்.

"செவிடன் காதுல சங்கு ஊதினா அவன் பாவம், கேக்காது. இவனுக தலையில இடி விழுந்தாலும், அது இடிதானான்னு மெஷினைக் கேட்டுட்டுத்தான் விழுவானுக" என்பார்.

தூத்துக்குடியில் மூடிக்கிடக்கும் நூற்பாலைக்குப் பின்னால், தொழிலாளர் லைன் வீடுகள் முடிகிற இடத்தில் சங்கத்தின் படிப்பகம். அதைப் பார்த்துக்கொள்ளும் லூர்துவிடம்தான் இந்தப் புலம்பல் தினமும் நடக்கும். லூர்து ஐம்பதைத் தாண்டியவன். ஆனாலும் கொம்பையாவுக்கு அவன் பொடியன்தான்.

"ஒங்களுக்கு நல்லாக் கேக்குதுல்லா அண்ணாச்சி? அதோட விடுங்க" என்றான் அவன்.

"எனக்குக் கேட்டு என்னலே செய்ய? கேக்க வேண்டியவளுக்குல்லா கேக்கல."



கேட்க வேண்டியவள் இசக்கி. கொம்பையாவின் ஒரே மகள், டீசல் மெக்கானிக். உலகத்தின் அடியில், பனிக்கண்டத்தில், ஆராய்ச்சிக்காரர்கள் உறைந்துபோகாமல் இருக்க ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தாள். அங்கே கப்பல் போவது வருஷத்தில் ஒரு பருவம் மட்டும். கடல் உறைந்துவிட்டால் பிறகு கார்த்திகை பிறந்துதான் கப்பல். இது ஆடி மாசம். அந்த ஆராய்ச்சி நிலையத்தோடு பேச ஒரே வழி, அவர்களுடைய இணையப் பக்கத்தைப் பிரௌசரில் திறந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் ஒதுக்கும் நேரத்தில் பேசுவது.

பேசுகிறவள் மாடத்தி. கொம்பையாவின் மனைவி. தொண்டையில் கட்டி வந்து, பெரியாஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு கைக்கருவி கொடுத்தார்கள். டார்ச் லைட் மாதிரி இருக்கும். கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு வாயசைத்தால், உர்ரென்ற ரீங்காரத்தில் சொற்கள் வரும். லைன் வீட்டுக்காரர்கள் அதற்கு வண்டு என்று பெயர் வைத்தார்கள். "மாடத்தியக்கா வண்டை எடுத்துட்டா, இனி ஓடு" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் வண்டை வைத்தே திட்டித் தீர்ப்பாள். புதிதாகக் கேட்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. பழகியவர்களுக்கு அதில் கோபம், கொஞ்சல், நக்கல் எல்லாம் பிரிந்து தெரியும்.

போன்களுக்கு மட்டும் பழகவே இல்லை. போன் கம்பெனிக்காரர்கள் சத்தத்தை அரித்துச் சுத்தமாக்கி அனுப்பத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. மாடத்தி பேசினால் போனுக்கு அது மிக்ஸி ஓடுகிற சத்தம். துடைத்துப் போட்டுவிடும். படிப்பகத்துப் பழைய கம்ப்யூட்டர் அப்படியில்லை. ஆலை மூடியபோது சங்கம் எங்கிருந்தோ பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி வீட்டுக்கு ஒன்று கொடுத்து, படிப்பகத்திலும் வைத்தது. 'கட்டுமரம்' என்ற இலவச மென்பொருளில் ஓடுபவை. மதுரையில் ஒரு சிறு கூட்டம் காசு வாங்காமல் அதை நடத்தியது. அந்தப் பெட்டிகள் மைக்கில் விழுந்ததை விழுந்தபடியே கொண்டுபோய்ச் சேர்த்தன. வண்டு போட்ட சத்தம் கடல் தாண்டிப் பனிக்குள் போய் இசக்கியின் காதில் அப்படியே இறங்கியது.

ஞாயிறு காலையில் மாடத்தி வந்தால் படிப்பகத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஆண்களை எழுப்பி வெளியே விரட்டுவாள். கொம்பையாவையும் சேர்த்துத்தான். கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். கதவுக்கு இந்தப் பக்கம் சொல் எதுவும் வராது. ரீங்காரம் மட்டும் வரும். ஏறும், இறங்கும், நிற்கும். நிற்கும்போது மகள் பேசுகிறாள் என்று அர்த்தம்.

அந்த ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ரீங்காரம் தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கியது. பிறகு கதவு திறந்தது.

"அவளுக்குக் கேக்கலையாம்" என்றாள் மாடத்தி.

லூர்து உள்ளே ஓடி எதையெல்லாமோ தட்டிப் பார்த்தான். திரையில் இசக்கி, தலையில் கம்பளித் தொப்பியோடு, "அம்மா, பேசு. வாயசைக்கே, சத்தம் இல்ல" என்றாள். லூர்து பேசினால் அவளுக்குக் கேட்டது. கொம்பையா பேசினாலும் கேட்டது. மாடத்தி பேசினால் மட்டும் அந்தப் பக்கம் வெறுமை.

"என்னலே பண்ணித் தொலைச்சே?"

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி. பிரௌசர் தானாப் புதுப்பிச்சிருக்கு. இதுவரைக்கும் பழைய ஒலிப்பாதைன்னு ஒண்ணு இருந்துச்சு. மைக்ல விழுந்ததை அப்படியே கொண்டுபோகும். இப்ப அதை எடுத்துட்டு, புதுசா ஒண்ணை எல்லாத்துக்கும் பொதுவா வச்சுட்டாங்க. அது சொளவு மாதிரி. புடைச்சு, மனுசக் குரல்னு தனக்குத் தோணுறதை மட்டும் அனுப்பும்."

"அரிசி எது உமி எதுன்னு அதுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?"

"கோடிக் கணக்கான குரலைக் கேட்டு அதுவே படிச்சுக்கிட்டது."

"இவ குரலை அது கேக்கலையோ?"

லூர்து பழைய பிரௌசரையே திரும்பப் போட்டுப் பார்த்தான். 'பாதுகாப்பற்ற பழைய பதிப்பு' என்று நிலையத்தின் பக்கம் கதவைச் சாத்திக்கொண்டது. மாடத்தி பேசுவதைப் பதிவு செய்து அனுப்பிப் பார்த்தான். அந்தப் பதிவும் அதே சொளவில் விழுந்துதான் போனது. அங்கே போய்ச் சேர்ந்தது, யாருமில்லாத அறையின் அமைதி.

"நான் சொல்லுதேன். நீ என்னட்ட சொல்லு, நான் அவட்ட சொல்லுதேன்" என்றார் கொம்பையா.

மாடத்தி அவரைப் பார்த்தாள். நாற்பது வருஷம் பார்த்த அதே பார்வை. உலை கொதிக்கும்போது அடுப்படியில் வந்து நிற்கிற ஆம்பளையைப் பார்க்கிற பார்வை.

"ஒங்ககிட்ட சொல்லி அனுப்புறதா இருந்தா எப்பவோ சொல்லியிருக்க மாட்டேனா?" என்றாள். "அது எனக்கும் அவளுக்கும் உள்ளது."

அவளுக்கு எழுதத் தெரியாது. கட்டி மறுபடி வந்துவிட்டது, இனிமேல் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். கார்த்திகைவரை தாங்குமா என்று கொம்பையா கேட்டதற்கு, டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மகளிடம் சொல்ல வேண்டியது ஏதோ அவள் நெஞ்சுக்குள் இருக்கிறது. அதை வேறு யாரிடமும் தரமாட்டாள். கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த ஒரே பெட்டியின் வாயையும் கட்டிவிட்டார்கள். கொம்பையா மறுநாள் மதுரைக்கு பஸ் ஏறினார்.

கட்டுமரம் கூட்டத்தின் அலுவலகம் என்று லூர்து எழுதிக்கொடுத்த முகவரியில், கீழே பிரியாணிக் கடை, மேலே ஒற்றை அறை. உள்ளே ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், தலையில் முக்காடு, முன்னால் இரண்டு திரை. பெயர் ஹமீதா. பேச்சைக் கேட்டதும் கொம்பையாவுக்கு அவள் ஊர் தெரிந்துவிட்டது. மேலப்பாளையத்துக்காரி.

"உக்காருங்க அய்யா. தண்ணி குடிக்கீங்களா?"

"தண்ணி இருக்கட்டும் தாயி. எங்க வீட்டுக்காரி குரலை எதுக்கு எடுத்தே?"

அவள் முதலில் திகைத்தாள். அவர் சொல்லச் சொல்லக் கேட்டாள். நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள் என்பதை மட்டும் கொம்பையா மனசில் வைத்துக்கொண்டார். ஆனால் அதற்காக நம்பிவிடவில்லை. நன்றாகக் கேட்டுக்கொண்டே கழுத்தை அறுத்த மேனேஜர்களை அவர் பார்த்திருக்கிறார்.

"பழைய பாதையை நாங்க வேணும்னு மூடல அய்யா" என்றாள் ஹமீதா. "அதுல ஓட்டை விழுந்துக்கிட்டே இருந்தது. திருடன் உள்ளே வந்து மைக்கைத் திறந்து கேக்குற மாதிரி ஓட்டை. அடைக்க ஆள் வேணும். நாங்க மொத்தமே ஆறு பேர். எல்லாரும் பகல்ல வேற வேலை பாக்கிறவங்க. ரெண்டு பாதையையும் காவல் காக்க எங்களுக்குத் தெம்பு இல்ல. புதுசை உலகம் பூரா பெரிய பெரிய ஆளுங்க சேர்ந்து பாத்துக்கிடுதாங்க. அதனால பொதுவா எல்லாருக்கும் அதுன்னு முடிவு பண்ணினோம். பழசு வேணும்னா அவங்களே சேர்த்துக் கட்டிக்கலாம், அதுக்கான வழி உள்ளே இருக்கு."

"எங்க இருக்கு?"

"அது... கொஞ்சம் படிச்சவங்க செய்யணும்."

"அப்ப இல்லைன்னு சொல்லு."

அவள் தலை குனிந்தாள். "நீங்க சொல்றது சரிதான். பொதுவா எதை வைக்கிறோமோ அதுதான் பாதிப் பேருக்குத் தலைவிதி. அது எங்களுக்கும் தெரியும். அதனாலதான் எடுக்கிறதுக்கு முன்னாடி மாசக்கணக்கா எண்ணிப் பாத்தோம்."

"எதை எண்ணினே?"

"பழைய பாதையில எவ்வளவு பேர் இருக்காங்கன்னு. ஒவ்வொரு மெஷினும் எங்களுக்குக் கணக்கு அனுப்பும். பேரு, வீட்டு விலாசம் எதுவும் வராது. எந்த ஊர்ப் பக்கம், எந்தப் பாதை இருக்கு, அதுல எவ்வளவு நேரம் குரல் போச்சு, எதிர்ப்பக்கம் எவ்வளவு நேரம் ஆள் இருந்தாங்க, அவ்வளவுதான். தூத்துக்குடிப் பக்கம் ஒரு மெஷின்கூட வரல அய்யா. ஒண்ணுகூட. யாரும் இல்லைன்னு நெனச்சோம்."

கொம்பையா ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே பிரியாணி அண்டாவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அந்தக் கணக்கு விடுற பொத்தான் ஒங்க மெஷின்ல அணைச்சிருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எங்க லைன்ல எல்லா வீட்டுலயும் அணைச்சிருக்கு. வீடு வீடாப் போயி அணைக்கச் சொன்னதே நான்தான்."

"ஏன் அய்யா?"

"எண்ணுறவன் எதுக்கு எண்ணுதான்? கழிக்கத்தான்." அவர் குரல் தடித்தது. "மில்லுல மெஷினுக்கு மேல ஒரு கேமராக் கண்ணு மாட்டினான். பாதுகாப்புக்குன்னு சொன்னான். எத்தனை இழை அறுந்துச்சு, எவன் எத்தனை தடவை தண்ணி குடிக்கப் போனான், எவ எத்தனை தடவை இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, எல்லாம் எண்ணுச்சு. அப்புறம் ஒரு நாள் மில் கேட்டுல, இனி வேலையில்லைன்னு பேரை ஒட்டினான். எம் பேரும் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரி பேரும் இருந்துச்சு. அன்னைக்கிலேருந்து எந்த மெஷினுக்கும் நாங்க கணக்கு விடுறதில்ல."

ஹமீதா திரைகளை விட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "இந்த ஒரு தடவை விடுங்க. ஒங்க லைன்ல எல்லாரும் பொத்தானைப் போட்டா எண்ணிக்கை வரும். அதைக் காட்டி எங்க கூட்டத்துல பழைய பாதையைத் திரும்பக் கேக்கேன். நான் ஒருத்தி கட்டிக் குடுத்தா அந்த நிலையம் ஏத்துக்காது. எங்க எல்லார் முத்திரையும் வேணும்."

"கொக்குத் தலையில வெண்ணெய் வச்சுப் பிடிக்கிற கதையால்லா இருக்கு. நான்தான் முன்னால உக்காந்திருக்கேனே. என்னைப் பாக்கியா? ஒண்ணுன்னு எண்ணு. கூட்டத்துல சொல்லு."

"ஒரு பெரியவர் வந்து சொன்னார்னா, அது கதைன்னு தள்ளிருவாங்க அய்யா. எண்ணா வந்தாத்தான் பாப்பாங்க."

"ஆளு கதை, எண்ணு நெசமா?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் எழுந்தார். படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்த லூர்துவிடம்தான் நடந்ததைச் சொன்னார். லூர்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "படிப்பகத்துப் பெட்டியில இப்பவே பொத்தானைப் போட்டிருவேன் அண்ணாச்சி. ஆனா லைன்ல ஒருத்தனும் போட மாட்டான். நீங்க சொன்ன வாக்கு அப்படி. நீங்களே வந்து சொன்னாத்தான்" என்றான்.

"நான் சொல்ல மாட்டேன்."

பாயில் சுருண்டு கிடந்த மாடத்தி வண்டைத் தேடி எடுத்தாள். இப்போதெல்லாம் கழுத்தில் சரியான இடம் கிடைக்க நேரமாகிறது.

"எதுக்குச் சொல்ல மாட்டீங்க?"

"ஏட்டி, மறந்துட்டியா? எண்ணித்தானே நம்மள வெளிய தள்ளினான்?"

"தள்ளிட்டான்லா? இனி எங்க தள்ளுவான்?" ரீங்காரம் ஒரு தரம் அறுந்து ஒட்டியது. "வெளிய கெடக்கவளை எண்ணினா என்ன கொறைஞ்சு போவுது? ஒங்க ரோசத்தை நான் செத்தப்புறம் வச்சு அழகு பாருங்க. இப்பப் போயி சொல்லுங்க."

கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீடு வீடாகப் போய்ச் சொல்வது அவருக்குச் செருப்படி மாதிரி இருந்தது. எந்த வாயால் அணைக்கச் சொன்னாரோ அதே வாயால் போடச் சொன்னார். எல்லாரும் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார்கள். "என்ன பெரியப்பா, கட்சி மாறிட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "மில்லுக்காரன் மறுபடி தொறக்கானா?" என்று இன்னொருவன். "போடுன்னா போடேன், ஒனக்கு வெளக்கம் வேற சொல்லணுமா?" என்று அவர் எரிந்து விழுந்தார். மாடத்திக்காக என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லாரும் போட்டார்கள்.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாடத்தி படிப்பகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. நடக்க முடியாதபோது லூர்து ஆட்டோ கொண்டுவந்தான். கேட்காது என்று தெரிந்தும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். "நீ பேசும்மா, நான் ஒம் மொகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று இசக்கி சொல்லியிருந்தாள். உதட்டசைவைப் படிக்க அவளும் முயன்று பார்த்தாள். பனிக்கண்டத்துக்குப் போகிற படம் விட்டு விட்டுத்தான் போகும். ஒரு சொல்லின் தலை தெரிந்தால் வால் தெரியாது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொம்பையா அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முன்னெல்லாம் நடுவில் நின்று நின்று வரும். இப்போது நிற்கவே இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து பேச எதுவும் இல்லாததால், இவளே நேரம் முடியும்வரை பேசிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவர் எழுந்து கதவுப் பக்கம் போனார். காதை வைத்தால் ஒருவேளை விளங்கும். கை கதவில் பட்டது. பிறகு திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அவளுக்கும் மகளுக்கும் உள்ளது அது.

ஆவணி பிறந்த பிறகு ஹமீதா லூர்துவின் போனில் கூப்பிட்டாள். லூர்து போனைக் கொம்பையாவிடம் நீட்டினான்.

"அய்யா, எண்ணிக்கை வந்துச்சு. ஒங்க லைன் முழுக்க வந்துச்சு."

"சரி. எப்பத் திரும்பப் போடுதீக?"

"கூட்டத்துல ஒத்துக்கலை. மெஷின் எல்லாம் இருக்கு, ஆனா குரல் போன நேரம்னு பாத்தா எல்லாத்துலயும் சுழியம்."

"அது எப்படிச் சுழியம்? மத்தவன் போன்ல பேசுவான், அது இருக்கட்டும். இவ வாராவாரம் பேசுதாளே?"

"குரலை எண்ணுறதும் அந்தப் புதுச் சொளவுதான் அய்யா. அது குரல்னு ஒத்துக்கிட்டாத்தான் எண்ணும். ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு மெஷின்ல மட்டும், ஒங்க படிப்பகத்துதாத்தான் இருக்கும், மைக் திறந்து கெடந்தது, பேசினவர் யாருமில்லைன்னு வந்திருக்கு. மறந்துபோய்த் திறந்து வச்சிருக்காங்கன்னு எங்க ஆளுங்க முடிவு பண்ணிட்டாங்க. நான் விடலை. மறுபடி கேக்கேன். கொஞ்சம் டைம் குடுங்க."

கொம்பையா போனை லூர்துவிடம் கொடுத்தார். வீட்டுக்குப் போனார். மாடத்தி கண்ணாலேயே கேட்டாள்.

"நடக்குதாம். கொஞ்சம் நாளாகுமாம்" என்றார்.

அவள் வண்டை எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அவர் பொய் சொன்னால் அவளுக்கு எப்போதும் தெரியும்.

அடுத்த ஞாயிறு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவளுக்கு வரவே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில், வெயில் சுள்ளென்று ஏறியிருந்த நேரத்தில், கொம்பையா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது முடிந்துவிட்டது. கடைசியில் ஏதோ வாயசைத்தாள். வண்டு எட்டாத தூரத்தில் கிடந்தது. எடுத்துக்கொடுப்பதற்குள் உதடு நின்றுவிட்டது.

இசக்கிக்கு அவர்தான் சொன்னார். நிலையத்தார் அவசரமென்று வழி ஒதுக்கிக் கொடுத்தார்கள். திரையில் மகள் அழுதது விட்டு விட்டு வந்தது. அழுது முடித்து அவள் கேட்டாள்:

"அம்மா அத்தனை நாளும் என்னதாம்ப்பா சொன்னா?"

"எனக்குத் தெரியாது தாயி."

"ஒங்களுக்குப் பக்கத்துலதானப்பா இருந்தா."

"கதவைச் சாத்திருந்தா."

காரியமெல்லாம் முடிந்து லைன் வீடுகளில் மறுபடி குக்கர் சத்தமும் சண்டைச் சத்தமும் தொடங்கியபின், ஒரு பகலில் ஹமீதா வந்தாள். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து விசாரித்து விசாரித்து நடந்தே வந்திருந்தாள். படிப்பகத்தில்தான் கொம்பையா இருந்தார். பேப்பரைக் கையில் வைத்திருந்தார், படிக்கவில்லை.

அவள் அவருக்கு முன்னால் நின்றாள். "பழைய பாதையைத் திரும்பப் போட்டாச்சு அய்யா" என்றாள். "எல்லாருக்கும் பொதுவா. யாரும் எதையும் தேட வேண்டாம். சொளவு வேணும்கிறவங்கதான் இனிமே கேட்டு வாங்கணும்."

லூர்து அவளுக்கு நாற்காலி போட்டான். அவள் கொண்டுவந்த புதுப் பதிப்பைப் பெட்டியில் ஏற்றினான். காப்பிக் கடை கிரைண்டர் சத்தம், காக்கா, தெருவில் போன மீன்காரனின் ஹார்ன், எல்லாம் மைக்கில் விழுந்தபடியே போனது. ஒன்றையும் தள்ளவில்லை.

"இப்ப மட்டும் எப்படி ஒத்துக்கிட்டானுக?" என்றார் கொம்பையா.

"அந்தச் சுழியத்தை எடுத்து நான் திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருந்தேன். மறந்துபோய்த் திறந்து கெடந்த மைக்னா, எதிர்ப்பக்கம் ஆள் இருக்க மாட்டாங்கள்லா? இதுல எதிர்ப்பக்கம் ஒருத்தர் கடைசிவரைக்கும் இருந்திருக்காங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். யாருமே பேசாத அறையைப் பாத்துக்கிட்டு ஒருத்தர் எதுக்கு அவ்வளவு நேரம் உக்காந்திருக்கணும்? அதைத்தான் கூட்டத்துல கேட்டேன். யாருக்கும் பதில் சொல்ல முடியல." அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "அப்புறம்தான் லூர்தண்ணனுக்குப் போன் போட்டேன். அம்மா போயிட்டாங்கன்னு சொன்னாங்க."

கொம்பையா பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"பொத்தானை எல்லாரையும் திரும்ப அணைக்கச் சொல்லிட்டீங்களாமே அய்யா?"

"ஆமா. அவளைத் தூக்கின மறுநாளே."

"அணைக்காதீங்க. அந்தக் கணக்கு வந்ததாலதானே கண்டுபிடிக்க முடிஞ்சது? நாளைக்கு இதே மாதிரி வேற ஒண்ணை எடுக்கும்போது, ஒங்களை மாதிரி ஆளுங்க இருக்கது எங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"எண்ணினீகளே. எண்ணி என்ன கண்டீக? அவ வாய் வலிக்கப் பேசுதா, ஒங்க மெஷின் யாருமில்லைங்கு."

"நான் கண்டுபிடிச்சேனே அய்யா."

"நீ கண்டுபிடிச்சே. ஒங்க கூட்டம் கண்டுபிடிக்கல. மெஷினும் கண்டுபிடிக்கல. நாளைக்கு நீ வேற சோலின்னு போயிட்டா? வேற எவனாவது அந்த நாற்காலியில உக்காந்தா?"

ஹமீதாவுக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்து லூர்து, "விடுங்க அண்ணாச்சி, அவ்வளவு தூரம் வந்திருக்காங்க" என்றான்.

"அதைத்தானலே நானும் சொல்லுதேன்." கொம்பையா அவள் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. கோபமில்லாமல் அவர் பேசி லூர்து கேட்டதில்லை. "செத்தவளுக்காகப் பஸ் ஏறி, தெருத் தெருவா விசாரிச்சு வந்துட்டே. அவ உசிரோட இருந்தப்ப ஒங்கள்ல ஒருத்தர் வந்து இந்த மரத்தடியில நின்னிருந்தாப் போதும். படிப்பு வேண்டாம், பொத்தான் வேண்டாம். சத்தம் கேட்டிருக்கும்."

"ஊர் ஊராப் போய் நிக்க முடியுமா அய்யா? எத்தனை ஆயிரம் மெஷின்? நாங்க ஆறே பேரு."

"முடியாதுதான்" என்றார் கொம்பையா. அவளோடு அவர் ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில்தான். "முடியலைன்னா முடியலைன்னு சொல்லு தாயி. அதை நான் ஏத்துக்கிடுவேன். எண்ணிப் பாத்தோம், யாருமில்லைன்னு சொல்லாதே."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பொத்தானைப் பற்றித்தான் இருக்கும். இன்னும் நன்றாகச் செய்யப்போகிறோம், குரலைச் சொளவை வைத்து எண்ணாமல் வேறு விதமாக எண்ணப்போகிறோம் என்று இருக்கும். நல்ல பெண். நல்லவர்கள் சொல்வதைத்தான் ஜாஸ்தி சந்தேகப்பட வேண்டும் என்பது கொம்பையாவின் அனுபவம்.

"லூர்து, இவளுக்குச் சோறு வாங்கிக் குடுத்து பஸ் ஏத்திவிடு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"அண்ணாச்சி, பொத்தானை என்ன செய்யட்டும்? போடவா, வேண்டாமா?"

"ஒங்க வீட்டுல நீங்க என்ன எளவை வேணும்னாலும் போடுங்க. என் வீட்டுல வேண்டாம்."

வெயிலில் இறங்கி, ஆலைச் சுவரை ஒட்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஹமீதா வாசல்வரை வந்து இன்னும் ஏதோ சொன்னாள். சொன்னது முழுக்க அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அதில் ஒரு சொல்லையும் அவர் நம்பவில்லை.